ரொட்டி அடுப்புச் சுவர்

சிங்கப்பூரில் குளிரா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஊரிலிருந்து கப்பல் ஏறியபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் பாருங்கள், மார்கழி பிறந்து நான்கு நாளாக விடாத மழை. இந்தக் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் என் துண்டு இன்னும் காயவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கிய துண்டை மருமகள் உள்ளே இழுத்து, "மாமா, நாத்தம் வருது. திரும்பத் துவைக்கணும்" என்றாள். வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். அடடா, அந்த வாடை! ஈரம் ஊறிப் புளித்த துணியின் வாடை. அதை முகர்ந்தபடி நான் அசையாமல் நின்றதில் அவள் பயந்துபோனாள், பாவம். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

ஒன்றும் ஆகவில்லை. அந்த வாடை என்னை முதல் உலகச் சண்டைக்கு முந்திய சிராங்கூன் ரோட்டில் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி வேலை. கிராணி என்றதும் பெரிய உத்தியோகம் என்று எண்ணிவிடாதீர்கள். அரிசி மூட்டை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத் தாளில் கோடு போடுகிறவன், அவ்வளவே. ஆனால் எனக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தால் அந்தப் பயலைக் கூப்பிட்டு முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

தேக்கா வட்டாரத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். கீழே ஒரே நீள அறை. அதில் ஆறு பேர், எல்லாரும் ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். மேலே ஓட்டுக்கு அடியில் பலகை அடைத்த ஓர் அறை. அதில் நானும் என் மனைவி செல்லம்மாவும். மாமனாருக்கு எழுதிய கடிதத்தில் "மாடியில் குடியிருக்கிறோம்" என்று எழுதியிருந்தேன். மாடிதான், பொய்யில்லை. ஓடு எங்கெங்கே ஒழுகும் என்பதை மட்டும் எழுதவில்லை. மழைக்காலத்தில் வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் ஒழுக்குக்கு அடியில் போய்விடும். சோறு வடிக்க ஒரு பானையைச் செல்லம்மா கெஞ்சிக் கூத்தாடி மிச்சம் பிடித்து வைப்பாள்.

கூதலுக்கு எங்களிடம் இருந்த வைத்தியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிடங்கில் கழித்துப்போட்ட கோணிச் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு சாக்குக்கு நடுவே பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்பிச் செல்லம்மா தைத்துவிட்டாள். புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம் வரும், ஆனால் கம்பளி தோற்றுப்போகும். சோடா புட்டியில் வெந்நீர் ஊற்றி, தக்கை அடைத்து, துணி சுற்றிக் காலடியில் போட்டுக்கொள்வோம். ஒருமுறை நான் பெரிய புத்திசாலி மாதிரி, தகரத்தில் கரி நெருப்பு அள்ளி வந்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுத்துவிட்டது. அன்றோடு கரித் தகரம் அறைக்கு வெளியே போனது.

இத்தனை பாடும் எதற்கு? கீழ் அறையில் அருமையான சூடு சும்மாவே கிடந்தது. அதுதான் வேடிக்கை.

அந்த அறையின் ஒரு பக்கத்துச் சுவருக்கு அப்பால் ரொட்டிக்கடை. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். தெரு முழுக்க அவருக்கு நானா என்றுதான் பேர். அவருடைய பெரிய செங்கல் அடுப்பு எங்கள் சுவரோடு சுவராகக் கட்டியது. சாயங்காலம் மூட்டினால் மறுநாள் சாயங்காலம் வரை சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் நாட்களில் அந்தப் பக்கம் ஒருவரும் தலை வைத்துப் படுக்கமாட்டார்கள். மழை தொடங்கியதும் அடிதடிதான். நான்கு முதுகுக்குத்தான் அங்கே இடம். அதனால் ஆறு பேரும் சுவருக்கு முறை வைத்திருந்தார்கள். முறை இல்லாத நிரந்தர இடம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஐயாக்கண்ணு அண்ணனின் மாவுப் பானைக்கு. அவர் காலையில் தெருமுனையில் இட்லி விற்கிறவர். கூதலில் மாவு பொங்காது. பொங்காவிட்டால் அவர் பிழைப்பு படுத்துவிடும். அதனால் சாக்குச் சுற்றிய அந்தப் பானை, புது மாப்பிள்ளை மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படியிறங்கும்போது, "வாங்க கிராணி, முதுகக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். கோட்டில் சுண்ணாம்பு ஒட்டும் என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையான காரணம் அது இல்லை. மூட்டை தூக்குகிறவர்களோடும் வண்டி ஓட்டுகிறவர்களோடும் சரிசமமாக உட்காருவதா என்ற நினைப்பு. "அவங்க கூப்பிட்டா உட்காந்தா என்ன, உடம்பு தேஞ்சா போயிடும்?" என்று செல்லம்மா கேட்பாள். அவள் கேட்டது எதற்குத்தான் நான் அப்போது பதில் சொன்னேன்!

அந்த வருஷ மழையின் நாலாம் நாள் மத்தியானம் செல்லம்மாவுக்கு வலி கண்டது. எட்டாம் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. பின்தெருவிலிருந்து மலாய் மருத்துவச்சி ஒருத்தியை அழைத்து வந்தேன். பெண் குழந்தை. ஒரு ரொட்டி அளவுகூட இல்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது. எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்களே, அதை யாரும் என் முன்னால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே எனக்குப் புரியப் போதும். மருத்துவச்சி கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றித் தாயின் வயிற்றில் கட்டினாள். குழந்தையை அவள் மார்போடு சேர்த்துப் போர்த்தினாள். பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இந்த அறையில் இருந்தால் குழந்தை பிழைக்காது, சூடான இடம் பார் என்று மலாயில் சொன்னாள்.

சூடான இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த ஆறு பேரிடமும் போய் எந்த முகத்தோடு கேட்பது? ஒரு வருஷமாகச் சுண்ணாம்பு ஒட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பாதிப் படியில் போய் நின்றுவிட்டேன். கீழே பார்த்தால், பாய்களெல்லாம் சுருட்டியிருந்தன. ஐயாக்கண்ணு அண்ணன் மாவுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"புள்ளையக் கீழ எறக்குங்க கிராணி. நாங்க மேல போயிக்கிறோம்."

மாவு என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை பெற்றவள் தீட்டோடு இருக்கிற அறையில் வைத்த மாவென்று தெரிந்தால் வாடிக்கைக்காரர்கள் தொடமாட்டார்கள், அதனால் அதுவும் மேலேயே வரட்டும் என்றார். மாவு மாடியில் பொங்கவில்லை. அந்த மழை முடியும் வரை அவர் விற்ற இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும். வாடிக்கைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். காரணம் கேட்டவர்களிடம், கை பதம் தப்பிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

செல்லம்மா சுவருக்கு முதுகைக் கொடுத்து, குழந்தையை மார்புச் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் குழந்தையின் உதட்டில் இருந்த நீலம் கொஞ்சம் மாறியது. சங்கால் பால் புகட்டினால் இரண்டு சொட்டு இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் நானா குடை பிடித்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே பெண்பிள்ளை இருக்கிறாள் என்று படி ஏறவில்லை.

"தம்பி, வெறகுத் தோணி வரலை. கடல் மோசமா இருக்காம். கையில இருக்கிற கட்டை இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் காணும். நாளைக்கு அடுப்பு அணைஞ்சிரும். ஒங்கள்ட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கலை."

அவர் எரிக்கும் பக்காவ் என்கிற சதுப்பு மரக் கட்டை, சுற்றுத் தீவுகளிலிருந்து தோணியில்தான் வரும். இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனாலும் எனக்கு நானா மேல் கோபம் வந்தது, கடல் மேல் வந்தது, மாமனாருக்கு எழுதிய கடிதத்தின் மேல்கூட வந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மறைப்புக்குக் கட்டியிருந்த சேலைத் திரைக்கு அப்பாலிருந்து செல்லம்மா பேசினாள். பிள்ளை பெற்று மூன்று நாளான குரல். ஆனால் அதில் கலக்கமே இல்லை.

"இந்தத் தெருவுல ஈரத்துணி இல்லாத வீடு எது? நானா அடுப்புல காய வச்சுத் தருவாங்கன்னு சொல்லுங்க. வர்றவங்க ஆளுக்கொரு கட்டை கொண்டு வரட்டும்."

நானா தெருவில் வரிசையாக இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணினார். பிறகு, "ஒங்க வீட்டுக்காரவுங்களுக்கு இருக்கிற மூளை ஒங்களுக்கு இல்லையே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் செய்தி தேக்கா முழுக்கப் போய்விட்டது. தேங்காய்ச் சிரட்டையோடு வந்தார்கள், தென்னை மட்டையோடு வந்தார்கள். ஒரு சீனத்துக் கிழவர் கால் உடைந்த முக்காலியைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளின் சட்டைகளை நீட்டினார். மேலே போன ஆறு பேரில் ஒருவரான வண்டிக்கார முத்து, பழைய சக்கரத்தின் ஆரங்களை உருவிக்கொண்டு வந்தார். நானும் எங்கள் கிடங்குத் துரையிடம் போய் நின்று, உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டேன். எடுத்துக்கொள் என்றுவிட்டார். ஈரக் கட்டைகளை நானா அடுப்பின் மேல்தளத்தில் அடுக்கி உலர்த்தி, மறுநாள் எரிப்பார். காலையில் ரொட்டி வெளியே வந்ததும் அடுப்பு வாய்க்கு முன்னால் கொடி கட்டிவிடுவார்கள். வேட்டி, கைலி, சேலை, சாரோங், பள்ளிக்கூடத்துச் சட்டை எல்லாம் ஒரே வரிசையில் ஆவி விட்டுக்கொண்டு தொங்கும்.

அந்த வாரம் தேக்காவில் எல்லாருடைய துணியிலும் ரொட்டி வாசனைதான். கிடங்கில் என் பக்கத்தில் நின்ற துரை மூக்கை உறிஞ்சிவிட்டு, சாப்பாட்டு மணி ஆகிவிட்டதா என்று கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வேட்டிகள் கண்டபடி மாறிப்போயின. முத்துவுக்கு வந்து சேர்ந்தது யாரோ ஒரு மேஸ்திரியின் சரிகை வேட்டி. நாலு நாள் கட்டி அனுபவித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். என் கறுப்புக் கோட்டு அடுப்பு வாய்க்கு ரொம்பக் கிட்டே தொங்கி, முதுகில் தோசை அளவுக்குக் கருகிவிட்டது. செல்லம்மாவிடம் காட்டினேன். குழந்தை பிறந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் இரண்டு கோட்டு கொடுத்திருப்பேன்.

அடுப்பு ஒரு நாள்கூட அணையவில்லை. எட்டாம் நாள் காலையில் குழந்தை வாயைத் திறந்து ஓவென்று அழுதது பாருங்கள், கூரை அதிர்ந்தது. மேலேயிருந்து ஐயாக்கண்ணு அண்ணன், "யாருடா அது, மனுசனத் தூங்க விடாம" என்று அதட்டினார். அதட்டிவிட்டு எல்லாருமாகப் படியில் இறங்கி வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். ஐயாக்கண்ணு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேவிட்டேன், மறைப்பானேன். இரண்டு நாள் கழித்து மழை விட்டது. விறகுத் தோணியும் வந்தது.

நாங்கள் மறுபடி மாடிக்குப் போகவில்லை. கீழ் அறையிலேயே சாக்குத் திரை கட்டி, சுவரில் எங்களுக்கு ஒரு பங்கு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஐந்து மழைக்காலமும் நான் அவர்களோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். முறை தவறி உட்கார்ந்ததற்கு முத்துவிடம் திட்டும் வாங்கினேன்.

நானா வயதான காலத்தில் கடையை விட்டுவிட்டு நாகூருக்கே போய்விட்டார். ஐயாக்கண்ணு அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் போனார். செல்லம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் சந்து வீடுகளை இடிக்கிறார்கள் என்று போன மாதம் கேள்விப்பட்டு, என் மகள் கமலாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். எங்கள் வீடு முழுக்கத் தரைமட்டம். ரொட்டிக்கடைச் சுவர் மட்டும் தனியாக நின்றது. அறைக்குள் இருந்த பக்கம் இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், எத்தனை வெள்ளை அடித்தும் போகாத எண்ணெய்க் கறை ஒரு கோடாக ஓடியது. எங்கள் தலைகளுடையதோ, பின்னால் வந்தவர்களுடையதோ. ஐயாக்கண்ணு அண்ணன் இங்கே, முத்து அங்கே, உன் அம்மா அந்த மூலையில் என்று கமலாவுக்குக் காட்டினேன். "அந்த மூலைலதான் ஒன்ன வச்சிருந்தோம்" என்றேன்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. நல்ல வாட்டசாட்டமான உடம்பு, நான்கு பிள்ளை பெற்றவள். செங்கல் குவியலைத் தாண்டிப் போய், அந்த மூலையில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"சில்லுன்னு இருக்குப்பா" என்றாள்.

மறுநாள் அந்தச் சுவரையும் தள்ளிவிட்டார்கள். நாங்கள் பார்க்கப் போன அன்று, திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஒரே வண்டிக் கூட்டம். நான் தடுமாறுவேன் என்று பயந்து கமலா என் கையைக் கெட்டியாகப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். அவள் கை நல்ல சூடாக இருந்தது.