ஆர்லிஸ் கொடுத்தனுப்பிய வாளி

ஆர்லிஸ் ட்வைட் என்ற அந்த அம்மாளை நான் முதலில் பார்த்தது அவர் ஓட்டிய பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மாட்டியிருந்த அந்த நீளக் கண்ணாடிக்குள் இரண்டு சாம்பல் நிறக் கண்கள். பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளினாலும் அந்தக் கண்களுக்குத் தெரிந்துவிடும். திட்ட மாட்டார். வண்டியைப் பனி மூடிய சாலை ஓரமாக நிறுத்திவிட்டு, "ஆச்சா? போலாமா?" என்று மட்டும் கேட்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்த விருந்துக்கு ஒரு ஐஸ்கிரீம் வாளி நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்து நின்றவர்களில் அவரும் ஒருவர். "பின்சீட்டுப் பையன் படிச்சிட்டானே!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அடுத்த வாரம் அம்மா அந்த வாளியை ருபார்ப் ஜாம் நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள்.

மின்னசோட்டாவில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஐஸ்கிரீம் தீர்ந்தால் வாளியை யாரும் எறிவதில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில் கல்யாணமோ சாவுச் சாப்பாடோ, எல்லாம் அதில்தான் வரும். எல்லா வாளியும் ஒரே வெள்ளை என்பதால் அடிப்பாகத்தில் பெயர் ஒட்டியிருக்கும். ஆர்லிஸ் ஒட்டுவது பிளாஸ்திரி. கணவர் படுக்கையில் கிடந்த காலத்தில் வாங்கிக் குவித்தது, தீரவே இல்லை. வாளி வெறுமையாகத் திரும்பி வராது. திரும்பி வராமலும் இருக்காது. ஆகவே யாரும் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்ததில்லை.

பிறகு ஒரு ஜனவரியில், பக்கத்து நகரத்தில் இருந்த கருக்கலைப்பு மருத்துவமனையின் பின்வாசலில் யாரோ பெட்ரோலை வைத்துக் கொளுத்திவிட்டார்கள். விடியுமுன் வந்து வெப்பக் கருவியைப் போட்டுவிட்டுப் படியில் பனி தள்ளுவது ரே புஷே என்ற துப்புரவுக்காரரின் வேலை. அன்றைக்கு உள்ளேயிருந்து கதவைத் திறந்தவரின் முகத்திலும் கைகளிலும் நெருப்பு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். இரண்டு கைகளும் பழையபடி மடங்கவில்லை.

மறுவாரம் மத்திய அரசின் அதிகாரி ஒருவர் ஆர்லிஸின் சமையலறை மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்தார். பெட்ரோல் கொண்டுவந்த வாளி உருகிப் போயிருந்தது. ஆனால் அடிப்பாகம் படிமேல் இருந்த பனிக்கட்டியோடு ஒட்டிக்கொண்டு தப்பியிருந்தது. அதில் பிளாஸ்திரி. பிளாஸ்திரியில் 'ஆர்லிஸ் ட்.'

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"என்னோடதுதான்."

"இந்த வாளி யார்கிட்ட இருந்துச்சு?"

ஆர்லிஸ் காப்பி ஊற்றினார். அவருக்குத் தெரியும். படத்தைப் பார்த்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அவருடைய எல்லா வாளியும் அலமாரியில் இருந்தன, ஒன்றைத் தவிர. முந்தைய இலையுதிர்காலத்தில், பக்கத்துப் பண்ணை லோவெல் ஹாகெனின் மனைவி ஜூனைப் புதைத்த அன்று, மிஞ்சிய சாலட்டை மூடி போட்டு லோவெலின் கையில் கொடுத்தனுப்பியவர் அவரேதான். ஜூன் உயிரோடு இருந்திருந்தால் அந்த வாளி ஒரே வாரத்தில் ஆப்பிளைக் காய்ச்சிய இனிப்புக் கூழோடு திரும்பி வந்திருக்கும். வாளியின் அடியைத் திருப்பிப் பார்ப்பதெல்லாம் பெண்கள் செய்வது. லோவெல் தின்றார், அலசினார், கொட்டகை அலமாரியில் வைத்தார், மறந்துவிட்டார்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார் ஆர்லிஸ்.

அதிகாரி அவரையே பார்த்தார். "நாளைக்கா?"

"நாளைக்கு. எங்கேயும் ஓடிட மாட்டேன். பனியைப் பாருங்க, ஓட முடியுமா?"

அந்தப் பனியைத் தள்ளிப் பாதை போட்டுக்கொடுத்தது லோவெல்தான். ஆர்லிஸின் கணவர் மூன்று குளிர்காலம் படுக்கையில் கிடந்தபோது, கேட்காமலே டிராக்டரோடு வந்து தள்ளிவிட்டுப் போவார். ஒரு டாலர் வாங்கியதில்லை. கணவர் செத்த நாளன்று ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது லோவெல் போட்ட பாதையில்தான்.

அதிகாரியின் கார் போனதும் ஆர்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு லோவெலின் வீட்டுக்கு நடந்தார். கதவு திறந்தது.

"என் வாளியைக் குடு, லோவெல்."

எங்கள் பக்கம் அது பெரிய வார்த்தை. லோவெலின் முகம் வெளுத்தது.

"எங்கயோ வெச்சேன். வேற ஒண்ணு வாங்கித் தர்றேனே."

"எனக்கு அதுதான் வேணும். ஜூனைப் புதைச்ச அன்னைக்குக் குடுத்தது."

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கட்டடம் மட்டும்தான்னு நினைச்சேன். உள்ள ஆள் இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"இருந்தான். அவன் பேரு ரே. இனிமே அவனால சட்டைப் பொத்தான் போட முடியாது."

"அங்க சிசுக்களைக் கொல்றாங்க ஆர்லிஸ்! நீயும்தானே என் பக்கத்துல முட்டி போட்டு ஜெபம் பண்ணினே?"

"பண்ணினேன். இப்பவும் பண்றேன். பெட்ரோலுக்கா பண்ணினேன்?"

லோவெல் அழுதார். ஆர்லிஸுக்கும் கண் நிறைந்தது. ஆனால் குரல் பள்ளிப் பேருந்துக் குரலாகவே இருந்தது. "காலையில நீயே போய்ச் சொல்லிடு. நான் வேணும்னா வண்டி ஓட்டிட்டு வர்றேன். நீ போகலேன்னா நான் போவேன். உன் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன்."

காலையில் ஆர்லிஸ் காரை அவர் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். திரைச்சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். பிறகு தனியாகவே போனார்.

வழக்கு தொடங்குமுன் டெலோரஸ் வந்தார். சர்ச் சமையலறை அவர் சொற்படிதான் நடக்கும்.

"ஏன் ஆர்லிஸ், வாளியை எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்லைன்னு சொன்னா என்ன? இந்த வயசுல ஞாபகமறதி இல்லாதவ யாரு?"

"எனக்கு இல்லையே."

"உன் வீட்டுக்காரர் கிடந்தப்போ அவன் பண்ணினது?"

"அதுவும் ஞாபகம் இருக்கு டெலோரஸ். அதனாலதான் ரெண்டு வாரமாத் தூக்கம் இல்ல."

மத்திய நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மற்ற சாட்சியங்களெல்லாம் சில்லறை. பெட்ரோல் வாங்கியதைப் பார்த்தவர் ஒருவர், டயர் தடம் ஒன்று. வாளியை லோவெலின் கையில் வைக்கக்கூடியவரும், வாசலில் அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டவரும் ஆர்லிஸ் ஒருவர்தான். அரசு வழக்கறிஞரான இளம்பெண் அதை மறைக்கவில்லை. "நீங்க இல்லேன்னா எனக்குக் கேஸே இல்லைம்மா," என்று சொல்லிவிட்டார்.

லோவெலின் வழக்கறிஞர் மரியாதையான மனிதர். மெல்லத்தான் கேட்டார்.

"இதே மாதிரி வாளி எல்லார் வீட்டுலயும் இருக்கும், இல்லையா?"

"இருக்கும். அதனாலதான் பேர் ஒட்டறோம்."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"அன்னைக்கு அந்தக் கூட்டத்துல வேற யாராவது எடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"நான்தான் அவன் கையில குடுத்தேன். பொண்டாட்டியைப் புதைச்சிட்டு வர்ற மனுஷன் ராத்திரிக்கு என்ன திம்பான்னு குடுத்தேன்."

"நீங்க கருக்கலைப்பை ஆதரிக்கிறவரா, அம்மா?"

"இல்லை."

"அது கொலைன்னு நம்பறீங்களா?"

ஆர்லிஸ் கைப்பையை மடியில் திருப்பி வைத்தார். "ஆமா. நம்பறேன்."

"அப்படின்னா ஹாகென் நம்பறதைத்தான் நீங்களும் நம்பறீங்க."

"அவன் நம்பறதுல பாதியை. மிச்சப் பாதிக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு லோவெலைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. மூன்றாம் வரிசையில் ரே, கையுறை போட்ட கைகளை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை விழுந்தது.

ஊரில் யாரும் ஆர்லிஸைத் திட்டவில்லை. எங்கள் ஊர் திட்டாது. அடுத்த சாவுச் சாப்பாட்டுக்கு அவர் சாலட் கொண்டுபோனார். மற்ற எல்லா வாளியையும் திறந்தார்கள். அவருடைய வாளியின் மூடியை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் அதை அப்படியே காரில் வைத்துக்கொண்டு நேராக ரேயின் வீட்டுக்குப் போனார். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரே வாளியைப் பார்த்தார். ஆர்லிஸைப் பார்த்தார். "பெட்ரோல் இல்லையே?"

"உருளைக்கிழங்கு. ஊர்ல யாரும் தொடலை."

"ஓ! ஊர் எறிஞ்சதை நான் திங்கணுமா?"

"திங்கிறியா, மூடவா?"

அவரால் கரண்டி பிடிக்க முடியவில்லை. ஆர்லிஸ் ஊட்டிவிடவில்லை. அது அவருக்குப் பிடிக்காது என்று பார்த்ததுமே புரிந்துகொண்டார். தடித்த பிடியுள்ள மரக்கரண்டி ஒன்றை அடுக்களையில் தேடி எடுத்துத் தந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசினார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு சாவுக்கும் சாலட் செய்தார். மூடி திறக்காத வாளி ஒவ்வொரு முறையும் ரேயிடம் போனது. "அடுத்து யாரு சாகப் போறா? பசிக்குது," என்பார் ரே. எத்தனை தடவை கேட்டிருப்பேன் இதை.

பிறகு டெலோரஸின் கணவர் இறந்தார். கீழ்த்தளத்தில் சாப்பாடு பரிமாறும்போது டெலோரஸ் கறுப்பு உடையோடு வரிசையில் வந்தார். ஆர்லிஸின் வாளிமுன் நின்றார். மூடியைத் திறந்தார். இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, "உப்பு கம்மியா இருக்கும், எப்பவும் போல," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் இல்லை. லோவெலின் தம்பி இன்றுவரை ஆர்லிஸின் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு ரேயின் வீட்டுக்குப் போன வாளி முக்கால்வாசி காலி. "என்னது இது, என் பங்கு எங்க?" என்று அவர் உண்மையாகவே கோபித்துக்கொண்டாராம்.

லோவெல் தண்டனை முடிந்து வெளிமாநிலத்தில் மகளோடு இருக்கிறார். ஆர்லிஸ் அதே பண்ணை வீட்டில் இருக்கிறார், எண்பத்தொரு வயது. வாசல் பனியை இப்போது ரேயின் மருமகன் வந்து தள்ளுகிறான்.