இரவல் நாற்காலி

'டிசர்விங்' என்ற ஆங்கிலச் சொல்லை வாழ்நாளெல்லாம் எழுதியிருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்தபோது விண்ணப்பங்களின் ஓரத்தில் எழுதினேன். ஓய்வு பெற்றபின், ஏழைப் பெண்களைப் படிக்கவைக்கும் ஓர் அறக்கட்டளைக்காக வீடுகளைப் போய்ப் பார்த்து எழுதினேன். தமிழில் தகுதி என்றால் மதிப்பெண்தான் நினைவுக்கு வருகிறது. அருகதை என்ற சொல்லையோ, இல்லை என்று சொல்வதற்குத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். அந்த ஆங்கிலச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. எழுதுகிறவனுக்கு என்ன அருகதை என்று அது கேட்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் கரையான்சாவடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். தகப்பன் இல்லாத பெண். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தாய் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர். வருகிறேன் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் மெத்தை வைத்த நாற்காலி, பளபளவென்று ஸ்டாண்டு ஃபேன், கண்ணாடித் தம்ளரில் கூல்டிரிங்க்ஸ்.

"காத்து வர்தா சார்? இன்னும் வேகமா வெக்கட்டுமா?" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து, 'நாட் டிசர்விங்' என்று எழுதி அனுப்பினேன். "நம்மை யாரும் ஏமாத்த முடியாது" என்று அறக்கட்டளைக்காரரிடம் போனில் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, பேன்ட்டைச் சுருக்க, அந்தத் தெருவில் நான் வழக்கமாகப் போகும் தையல் கடைக்குப் போனேன். அங்கே அந்த ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் அப்டி பாக்கறீங்க? நம்ம ஃபேன்தான்" என்று தையல்காரர் சிரித்தார். "அன்னிக்கு நீங்க போன ஊட்டு அக்காதான், ஆபீசரு வராருன்னு தூக்கினு போச்சு. சேரு பக்கத்து ஊட்டுது. கூல்டிரிங்க்ஸு மட்டும்தான் அது வாங்குனது."

உதவி பெறுவோர் பட்டியல் முடிவாக இன்னும் நான்கு நாள் இருந்தது. அறக்கட்டளைக்கு ஒரு போன் போதும். நான் செய்யவில்லை. மறந்துபோயிற்று என்று மனைவியிடம் பின்னால் சொன்னேன். அது பொய். ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நர்சிங் சீட் கைவிட்டுப் போனது. அந்தப் பெண் இப்போது கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிஃப்டுக்குப் போகிறாள்.

போன மாதம் இதைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். சந்தில் என்னைப் பார்த்ததுமே அந்த அம்மா பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணி, அந்தச் சேரை இப்டி குடு! சார் வந்துகீறாரு!"

"வேணாம்மா. நின்னே சொல்லிட்டுப் போயிடறேன்."

"நல்லாகீதே! எங்க ஊட்டுக்கு வந்துட்டு நிக்கறதாவது!"

உட்கார்ந்தேன். "அன்னிக்கு உங்க பொண்ணு பேரு வராததுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உடுங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க? ஊடு தேடி வந்து பாத்தீங்களே, யாரு வருவா? நாங்க குடுத்து வெச்சது அவ்ளோதான்."

அவர் தையல் கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஃபேன் வந்து சேரும்வரை, சொல்ல வந்ததைச் சொல்லாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.