பிரேக் டீச்சரின் பச்சை வயர்

அம்மா இறந்துபோன இருபத்தோராம் நாள் காலை கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியிலிருந்து கேபிள் மாட்டிக் கிளப்பிக் கொடுத்தார். மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாள் எங்களைப் பார்த்ததும் அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்று வியாழன். வெள்ளி காலை ஒன்பதரைக்குத் தையல்காரம்மாவுக்கு ஓட்டுநர் தேர்வு. அவர் அம்மாவின் கடைசி மாணவி. ஏற்கெனவே நான்கு முறை தோற்றவர். ஒரு துணிக்கடையில் தைக்கவும் வேன் ஓட்டவும் தெரிந்த ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை உரிமத்தைக் காட்டினால் வேலை அவருக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு.

கேபிள் போட்டுக் கிளப்பிக்கொண்டு போகலாம்தான். தேர்வுத் திடல் பத்து நிமிடத் தூரம். அதற்குள் காலி பேட்டரி ஏறாது. திடலில் ஒருமுறை இன்ஜின் நின்றால் மறுபடி கிளம்பாது. தையல்காரம்மா ஓட்டி இன்ஜின் நிற்காத நாளே இல்லை.

அம்மா முப்பத்தோரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பெரும்பாலும் நாற்பது தாண்டிய பெண்களுக்கு. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்காருவாள். குரலை உயர்த்த மாட்டாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. ஊரில் அவளுக்குப் பெயரே பிரேக் டீச்சர். வீட்டிலும் தொழிலை விடவில்லை. சாப்பிட்டு எழும்போது அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினால், "பின்னாடி பார்த்தீங்களா?" என்பாள். அப்பா கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டு எழுந்திருப்பார்.

காருக்கு இருபத்துநான்கு வயது. அதன் பழுதுகளை அம்மாவே சரிசெய்வாள். சரிசெய்வாள் என்பது அவள் சொல். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நான் அதற்கு வேறு சொல் வைத்திருந்தேன்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை இணைத்தேன். 1.2 ஆம்பியர். நிறுத்திவைத்த காரில் 0.03 இருந்தாலே அதிகம். ஒரு மணி நேரம் ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். அப்பா டம்ளரில் டீயோடு வந்து நின்றார்.

"ஏம்மா, உள்ள லைட்டு எரியுதே, அது பரவாயில்லையா?"

கதவைத் திறந்து வைத்திருந்தேன். கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியும்ப்பா."

"தெரியும்னா சரி. பெரிய படிப்பு படிச்ச புள்ள. நமக்கென்ன தெரியும்?"

கதவுச் சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தினேன். விளக்கு அணைந்தது. மீட்டர் 0.8 காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதிலாவது அளவு விழுந்தால் அந்தப் பாதையில்தான் மின்சாரத் திருடன். பதினாறு ஃபியூஸ்களும் வெளியே வந்தன. 0.8 அப்படியே நின்றது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றினேன். 0.8.

அந்த நேரத்தில் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. இருக்கைமேல் பரப்பி வைத்திருந்த ஃபியூஸ்களைப் பார்த்தார்.

"அய்யய்யோ, இவ்வளவு பட்டனா! திரும்பத் தைச்சிடுவீங்கல்ல?"

"தைச்சிடலாம்க்கா."

"நாளைக்கு விட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான். கடைக்காரன் திங்கக்கிழமைக்கு மேல ஒரு நாள் தாங்க மாட்டேன்னுட்டான். வேற கார்ல போனா எனக்குக் கை காலே ஓடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இதுல மட்டும் ரொம்ப ஓடுதாக்கும்!"

ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத வயர் என்றால் பேட்டரியிலிருந்து நேராகப் போக வேண்டும். எந்தத் தொழிற்சாலையும் அப்படிச் செய்யாது. அம்மா செய்வாள்.

பாசிட்டிவ் முனையில் அழுக்குக்கு அடியில் மெல்லிய பச்சை வயர் ஒன்று இருந்தது. கழற்றினேன். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. மறுபடி மாட்டினேன். 0.8.

வயரைத் தொடர்ந்து போனேன். அது உள்ளே நுழைந்து, அம்மாவின் பிரேக்குக்கு மேலிருந்த சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து ஏறி டேஷ்போர்டுக்குள் மறைந்தது. சட்டென்று நினைவு வந்தது. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அம்மா தன் பிரேக்கை மிதித்தால் எரியும். பத்தொன்பது வயதில் அவளிடம் ஓட்டக் கற்றபோது நான் அதைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன். பத்தாம் நாள் அது ஒருமுறைகூட எரியவில்லை. இன்றுவரை அதைச் சொல்லிப் பெருமையடிக்கிறேன்.

சிவப்பு மூடி இப்போதும் அங்கே இருந்தது. எரியவில்லை. டேஷ்போர்டு பெட்டியின் மேல் கை வைத்தேன். இளஞ்சூடு. திறந்தேன். முதலுதவிப் பைக்குப் பின்னால், வயரின் நுனியில் தொங்கியபடி ஒரு பத்து வாட் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பப்பா உள்ள வந்துச்சு?"

அப்பா குனிந்து பார்த்தார். "அட, இன்னும் இருக்கா? நீ பஸ்ஸ இடிக்கப் போன அன்னிக்கு உங்கம்மா கழட்டி உள்ள போட்டது."

"நான் எந்த பஸ்ஸையும் இடிக்கப் போகல."

"அதான் அவ பிரேக் போட்டாளே."

தையல்காரம்மா அதற்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயில் கை கழுவப் போயிருந்தார். நல்லவேளை.

மிச்சம் எளிது. அம்மாவின் பிரேக் பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. கால் எடுத்தாலும் பெடல் கொஞ்சம் தொய்ந்து நின்றது. சுவிட்ச் முழுதாக அணையவில்லை. ஆனால் இருபது நாள் சரியாக இருந்த பெடல் திடீரென்று ஏன் தொய்ய வேண்டும்?

"இங்க ஏதாவது தொட்டீங்களாப்பா?"

"நான் எதையும் தொடல. தேர்வுக்குப் போற வண்டியாச்சேன்னு திங்கக்கிழமை பெருக்கித் தொடைச்சேன், அவ்வளவுதான். அந்தப் பெடலுக்குக் கீழ ஒரு பழைய செருப்புத் துண்டு இறுகிக் கெடந்துச்சு. குப்பைன்னு எடுத்துப் போட்டேன்."

பெடலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன்.

அம்மா ஒவ்வொரு மாலையும் காரை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் குனிவாள். செருப்பைத் தேடுகிறாள் என்று நினைத்திருந்தேன். பெடலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். கடைசி முறை அவள் செருகிய துண்டு இருபது நாள் வேலை செய்திருக்கிறது.

அப்பா உள்ளே போனார். கத்தரிக்கோலும் தன் ஒற்றைச் செருப்புமாக வந்தார். குதிகால் பக்கம் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். செருகினேன். பல்ப் அணைந்தது. மீட்டர் 0.02.

"புது ஸ்பிரிங் போட்டுக்கலாம்ப்பா."

"போட்டுக்கலாம். அவசரமில்ல."

அன்று பகல் முழுவதும் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு, மாலையில் மாட்டினேன். வெள்ளி காலை சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கீழே வைத்துக் கை தட்டினார்.

செருப்புத் துண்டை எடுத்துவிட்டு அம்மாவின் இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா பின்னால். தையல்காரம்மா தெருமுனை வரை நன்றாகவே ஓட்டினார். அங்கே ஒரு பந்து உருண்டு வந்தது. என் கால் தானாக இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. இன்ஜினும் நின்றது.

"நீங்க பிரேக் போட்டீங்களா?"

டேஷ்போர்டு பெட்டியின் இடுக்கில் மெல்லிய வெளிச்சக் கோடு. முழங்காலால் அதை மறைத்தேன்.

"இல்லக்கா. நீங்களேதான் போட்டீங்க."

பின்னால் அப்பா இருமினார்.

தையல்காரம்மா சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே எழுந்தது. திடலில் என் இடத்தில் அதிகாரி உட்கார்ந்தார். இன்ஜின் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் கிளம்பியது. தையல்காரம்மா தேறினார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். அவர் பின்னால் திரும்பி அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார்: "சார், கடைசி வாரம் டீச்சர் ஒரு தடவைகூடக் கால் வைக்கல, தெரியுமா? அவங்க வாயாலயே சொன்னாங்க. நேத்து ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"எங்கிட்டயும் சொன்னாம்மா," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

சனி காலை பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஸ்பிரிங் இன்னும் வாங்கவில்லை. மாலையில் காரை நிறுத்தியதும் குனிகிறேன்.