அரைச் சுற்று

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் டேனரியின் பட்டறையில் இரும்பு கடையும் ஒரு பழைய லேத்து இருந்தது. யாரோ வெள்ளைக்காரன் ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்டது. உளியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி முன்னால் தள்ளக் கைப்பிடியைச் சுற்றினால், முதல் அரைச் சுற்றுக்கு உளி அசையாது. உள்ளே திருகு ஓடும் வெண்கல நட்டின் மரை அவ்வளவு தேய்ந்திருந்தது. அந்த மிஷினில் நின்றவர்கள் இரண்டே பேர், நானும் பாயும். இருவரும் ஒரே வயது, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

எனக்குக் கண் உளியிலேயே இருக்க வேண்டும். பாய் எங்கோ பார்த்துக்கொண்டு, பேச்சையும் நிறுத்தாமல், மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்குவான். அந்த அரைச் சுற்று கழிந்திருக்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனாலும் அவன் தினமும் அலுத்துக்கொள்வான்: “இது மிஷின் இல்ல தோஸ்த், பெரிய பேஜாரு.”

ஒருமுறை பாய் தன் தங்கை கல்யாணத்துக்குப் பேரணாம்பட்டு போனான். முதலாளி கொடுத்தது இரண்டு நாள் லீவு. அவன் எடுத்துக்கொண்டது நான்கு. அதற்குள் நட்டை மாற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. கழித்துப்போட்ட பம்பிலிருந்து ஒரு வெண்கல வளையத்தை எடுத்து, அதே லேத்தில், அதே தேய்ந்த நட்டை வைத்துக்கொண்டே புது நட்டுக்கு மரை வெட்டினேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் திருகில் தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன். மாட்டியபின் கைப்பிடி தொட்டதும் உளி நகர்ந்தது. மேஸ்திரியிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் பாய் பார்க்கட்டும் என்றிருந்தேன். சின்னப் பிள்ளைத்தனம், வேறென்ன.

பாய் திரும்பி வந்த அன்று, தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் மிஷினின் ஷாஃப்டு லேத்தில் இருந்தது. தோல்கள் தொட்டியில் பட்டைக்காகக் காத்திருந்தன. கடைசிச் சீவல்தான் பாக்கி. காலையில் பாய் அத்தர் வாசனையோடு வந்தான். “சீக்கிரம் முடி பாய்” என்றார் மேஸ்திரி. அவன் முகம் மாறுவதைப் பார்க்க நான் சாணைக்கல் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். கல்யாணப் பிரியாணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பழைய பழக்கத்தில் மணிக்கட்டைச் சொடுக்கினான். உளி முழு அரைச் சுற்றுக்கும் ஷாஃப்டுக்குள் இறங்கியது. பெல்ட்டு கழன்று விழுந்தது. பேரிங்கில் உட்கார வேண்டிய இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம்.

“இன்னா பாய் இது? லீவு ஜாஸ்தி எடுத்ததும் இல்லாம, தூங்கிட்டா வந்தே?” மேஸ்திரி கத்தினார்.

பாய் கைப்பிடியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்த்தான். புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். உத்தரவு இல்லாமல் மிஷினைப் பிரித்தவன் நான். வாயைத் திறந்தால் வெளியே போவதும் நான்தான்.

“என் கை தப்பு மேஸ்திரி” என்றான்.

மதியத்துக்குள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வாசல் கேட்டு வரை கூடப் போனேன். தோளில் கை போட்டு, “நட்டு ஷோக்கா பண்ணிகிறே தோஸ்த். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்” என்றான். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

மறு மாதம் பேரணாம்பட்டில் தேடினேன். கோலார் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கோலாருக்கும் ஒருமுறை போய்வந்தேன். பட்டறை பட்டறையாக விசாரித்தும் ஆள் கிடைக்கவில்லை. அதன்பிறகு என்கூட எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். தோஸ்த் என்று யாரும் கூப்பிடவில்லை.

என் நட்டும் வருஷங்கள் போகத் தேய்ந்தது. கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. அதற்குள் நானே மேஸ்திரி ஆகியிருந்தேன். புதிதாக வந்த டர்னர், “புது நட்டு போட்டுடலாமா மேஸ்திரி?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான்.

“வேணாம், அப்படியே இருக்கட்டும்” என்றேன். ஒருநாள் பாய் வந்து அதன்முன் நின்றால், அவன் கை ஏமாறக் கூடாது.