பெயர் எழுதிய மத்தியானம்

எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரப் போவதாக முதலாளியம்மா சொன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. நாகர்கோவிலில் அவள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் பதினெட்டுப் பெண்கள் உடுப்பு ஓரத்தில் வைத்துத் தைக்கும் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தோம். மடியில் தலையணை, அதில் குத்திய ஊசிகள், ஊசிகளைச் சுற்றிச் சுற்றி நூல். சாயங்காலம் ஒரு சாண் குறைந்தாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிறவள், தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திப் படியுங்கள், கூலியில் பிடிக்கமாட்டேன் என்கிறாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"எட்டி, இதுல என்னமோ இருக்கு," என்றேன் பக்கத்தில் இருந்த அருமனைக்காரியிடம். அவளுக்குக் கல்யாணமான நாலாம் மாதமே புருஷன் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான். தை பிறந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தான். அந்தத் தை மாதத்தை நம்பித்தான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எல்லாத்துலயும் சம்சயம். சோறு போட்டாலும் உள்ள கல்லு கெடக்கான்னு பாப்பே."

"கெடக்கத்தானே செய்யுது?"

படித்தோம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று முதல் மாதம் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளை எல்லாம் கழித்துவிடப் போகிறாள் என்று அடுத்த மாதம் சொன்னேன். ஒருத்தியையும் கழிக்கவில்லை. என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பாடத்தை விடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் முதலாளியம்மா ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். "படிச்சதுக்கு அடையாளமா அடியில அவங்கவங்க பேர எழுதுங்க," என்றாள். அவ்வளவுதான், ஒரே கும்மாளம்! அதுவரை கைநாட்டு வைத்தவர்கள் அல்லவா. மேலே இருந்ததை எவளும் பார்க்கவில்லை. பேனாவுக்கு வரிசை கட்டி நின்றார்கள். அருமனைக்காரிதான் முதலில் நின்றாள்.

நான் மட்டும் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். இரண்டாம் வரி முடிவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. படிப்பித்ததற்கு ஈடாக ஐந்து வருஷம் இந்தக் கொட்டகையை விட்டுப் போவதில்லை, கல்யாணத்துக்கோ புருஷன் வீட்டுக்கோ கூடப் போவதில்லை என்று எழுதியிருந்தது.

"எட்டி, எழுதாத! அஞ்சு வருசம் விடமாட்டாளாம்!" என்று கத்தினேன்.

"வந்துட்டா சம்சயக்காரி!" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. அருமனைக்காரியும் சிரித்துக்கொண்டே தன் பெயரைக் கொம்பும் காலும் பிசகாமல் எழுதி முடித்தாள்.

நான் எழுதவில்லை. மறுநாள் அவளுக்காகப் போய் நின்றேன். "ஒண்ணும் தெரியாம எழுதிட்டா. அவ காகிதத்தையாவது கிழிச்சுப் போடுங்கம்மா," என்று கெஞ்சினேன்.

முதலாளியம்மா கோபப்படவில்லை. "நீ வாசிச்சியே, அவளும் வாசிச்சிருக்கலாமே. அதுக்குத்தானே படிப்பிச்சேன்," என்றாள். அந்த வாரத்தோடு எனக்கு வேலையும் இல்லை என்றாள்.

வெளியே வந்து அருமனைக்காரியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என்னையே முறைத்துப் பார்த்தாள்.

"நீ தெனமும் கத்துறவ. கத்தினா யாரு நம்புவா? ஓடி வந்து எங் கையப் பிடிச்சிருக்கணும், பாவி."

தையில் அவள் புருஷன் வந்தான். தனியாகத்தான் கப்பலேறிப் போனான்.