மாஸ்க் கழற்றாத பெயிண்டர்

என் பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன் என் பொண்டாட்டியின் தம்பி. முப்பது வயசாகியும் மூஞ்சி நிறையப் பரு. ஸ்ப்ரே அடிக்கப் போடும் மாஸ்க்கை டீ குடிக்க மட்டும்தான் இறக்குவான், அதுவும் சுவரைப் பார்த்து நின்று. துரைக்கு அவ்வளவு வெட்கம்.

காரணம், எதிரே வண்டிக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெண். வெறும் கண்ணைக் காட்டியே பேசிப் பழகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ச் சாப்பிடலாமா என்று அவளே கேட்டுவிட்டாள். மாஸ்க்கோடு சாப்பிட முடியுமா?

தோல் டாக்டரம்மாவிடம் ஓடினான். ராத்திரியில் கொஞ்சமாகத் தடவச் சொல்லி ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்தார். கொஞ்சமாகவா? தொழில் தெரிந்தவனாயிற்றே! முதலில் முரட்டுத் துணியால் மூஞ்சியைத் தேய்த்தான். ஒரு கோட். காய்ந்ததும் இன்னொரு கோட். விடிந்ததும் வெயிலில் போய் நின்றுகொண்டான், நன்றாகப் பிடிக்கட்டும் என்று. பிடித்தது. மூஞ்சி சிவந்து, செதில் செதிலாக உரிந்தது.

"மாமா, எரியுது."

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கலாமேடா, இன்னும் பளபளன்னு இருந்திருக்கும்."

திரும்ப டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன்.

"இது பெயிண்ட் இல்லப்பா. எரிச்சல் அடங்கற வரைக்கும் தொடக்கூடாது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரில, மூஞ்சி நல்லா காய்ஞ்சப்புறம், முகம் முழுசுக்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவுதான். கண்ணு, உதட்டோரம் வேணாம். மேல ஈரப்பசைக்கு ஒரு கிரீம். பகல்ல சன்ஸ்கிரீன். தேய்க்கறதெல்லாம் வண்டியோட நிறுத்திக்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"மூணு மாசமாவது ஆகும். ஆரம்பத்துல பரு கூடின மாதிரிகூட தெரியும். பயந்து விட்டுடாதே."

வெளியே வந்ததும் ஐயா முடிவெடுத்துவிட்டார். "வரலைன்னு நீங்களே சொல்லிடுங்க மாமா."

இந்த வயசில் எனக்குத் தூது வேலை. போய்ச் சொன்னேன்.

"ஏனாம்?"

"மூஞ்சி சரியில்லையாம்மா."

அவள் விறுவிறுவென்று பட்டறைக்குள் வந்துவிட்டாள். எரிச்சல் தாங்காமல் மாஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தவனுக்கு ஒளிய இடமில்லை. உற்றுப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? நான் பல்லு ஏதோ இல்லைன்னுல்ல நெனச்சேன்!"

"பல்லு இருக்கு," என்றான்.

"அப்புறம் என்ன? சாப்பிடத்தானே போறோம்."

போனார்கள். இப்போது பட்டாணியைத் தாண்டினால் அவள் திட்டுகிறாளாம், அதற்கு மட்டும் அடங்குகிறான். டாக்டரும் நானும் கத்தியது துரை காதில் ஏறவில்லை.