எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு விசில்

சரக்குக் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘ஹாரன்’ என்றால்தான் தெரியும். பின்பக்கமாக வரும் லாரியை, இருபுறமும் ஒரு கை அகலம்கூட மிஞ்சாத இடுக்கில், சுவரில் உரசாமல் இறக்குமேடையோடு கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய வேலை. “வா… வா… ஒடி… இன்னும் கொஞ்சம் ஒடி… நேராக்கு… வா…” என்று அவர் கொடுக்கும் குரல், எஞ்சின் இரைச்சலையெல்லாம் தாண்டி ஓட்டுநரின் காதில் போய் உட்காரும். யாராவது குறுக்கே வந்துவிட்டால் குரலுக்கு நேரமிருக்காது; கழுத்தில் தொங்கும் விசில் தானாகவே வாய்க்குப் போய்விடும். அந்தச் சத்தம் கேட்ட இடத்தில் எவ்வளவு பெரிய வண்டியும் நின்றாக வேண்டும். தன் பொறுப்பில் இதுவரை ஒருவர் உடம்பிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அதை அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார்; கேட்பவர்களும் சலிக்காமல் தலையாட்டுவார்கள்.

கிடங்கில் அவர் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த சட்டம் ஒன்று உண்டு. ஒரு வண்டிக்கு ஒரே குரல். அவர் வழிகாட்டிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது “இந்தப் பக்கம் ஒடிங்க” என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிவிடுவார். எஞ்சினை அணை என்று அதற்குப் பொருள். பிறகு வாயைத் திறந்தவரிடம் திரும்புவார். “ரெண்டு பேர் சொன்னா அவர் எந்தக் காதால கேப்பாரு? வண்டியை நீயே நிறுத்துறியா? இந்தா, விசிலைப் பிடி!” அந்த ஆள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

இத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு சின்ன வீட்டில் குடும்பம் நடத்துவது எளிதல்ல. “இவர் என்கிட்ட ரகசியம் பேசினா எதிர்வீட்டுல இருந்து பதில் வரும்” என்பாள் மனைவி. குட்டி என்று எல்லாரும் அழைக்கும் மகளோ அந்த விசிலைக் கேட்டே வளர்ந்தவள். எழுப்ப ஒரு விசில், சாப்பிடக் கூப்பிட ஒரு விசில், குளியலறையில் பாட்டுப் பாடியது போதும் என்பதற்கு ஒரு நீண்ட விசில். கேட்டுக் கேட்டு, மின்விசிறியின் கடகடப்பு எப்படிக் காதில் விழாதோ, அப்படியே அப்பாவின் விசிலும் அவளுக்கு விழாமல் போயிருந்தது.

சனிக்கிழமைகளில் காலை ஷிஃப்ட் முடிந்ததும் அவர் மைதானத்துக்கு ஓடுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பிவேலி போட்ட சின்ன மைதானம். குட்டியின் அணி அங்கேதான் கால்பந்து ஆடும். குட்டி அதுவரை ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அதனால் அவருடைய உற்சாகம் துளியும் குறைந்ததில்லை. எல்லைக்கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அவரும் கூடவே ஓடுவார். ரெஃப்ரியாக நிற்பவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பாத பள்ளிப் பையன்கள். “தம்பி, விசில்ல தண்ணி போயிடுச்சா?” என்பார். “கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியாப்பா?” என்பார். மனதில் வஞ்சமே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அதே பையனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “நல்லா ஓடுறடா, ராசா” என்று முதுகில் தட்டுவார். பையன் நிமிர்ந்தும் பார்க்காமல் நழுவிப்போவது ஏன் என்பது மட்டும் அவருக்கு விளங்கியதே இல்லை.

அவருடைய அண்ணன் குடும்பம் மாடியில் இருந்தது. அண்ணன் மகள் பள்ளியின் கடைசி வகுப்புகளை எட்டியவள், பேச்சில் நிதானம், ஓட்டத்தில் புயல். அவள் ரெஃப்ரி பயிற்சி முடித்துக் கறுப்புச் சட்டை வாங்கி வந்த அன்று, கிடங்கு முழுக்க அந்தச் செய்தியை ஒலிபரப்பியவர் சித்தப்பாதான். அப்படிப்பட்டவள், வேறொரு மைதானத்தில் ஆட்டம் நடத்திவிட்டு வந்த ஒரு சனிக்கிழமை, யாரிடமும் பேசாமல் நேராக மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணிதான் படிக்கட்டில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு ஆள் ஆட்டம் முடியுற வரைக்கும் விடவே இல்லையாம். ‘உனக்கெல்லாம் எதுக்கும்மா விசில், போய்ப் பாத்திரம் கழுவு’ன்னு கத்தினானாம். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்களாம்.”

சித்தப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. “எவன் அவன்? சின்னப் பொண்ணுகிட்ட வாயைக் காட்டுறவன் எல்லாம் ஒரு மனுஷனா?”

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“என்ன பாக்குற?”

“ஒண்ணுமில்ல. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்துச்சு.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அண்ணன் மகளே இறங்கி வந்தாள். “அடுத்த சனிக்கிழமை குட்டியோட மேட்ச்சுக்கு வேற ரெஃப்ரி கிடைக்கலையாம். சொந்தக்காரின்னு சொன்னேன். ரெண்டு டீமும் சரின்னுட்டாங்க. அங்கேயும் இதே கதைன்னா, சட்டையையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துடப் போறேன், சித்தப்பா. எனக்கு இது பிடிச்சிருக்கு. ஆனா ஒவ்வொரு தடவை ஊதுறப்பவும் யாரு என்ன கத்துவாங்களோன்னு இருக்கு.”

“நான் இருக்கேன்மா! ஒருத்தன் வாயைத் திறக்கட்டும், பாத்துக்கிறேன்!”

“அதுதான் சித்தப்பா… நீங்களும்…”

“நானா? மூச்சு விட மாட்டேன். குட்டி மேல சத்தியம்.”

“என் மேல எதுக்கு?” என்றாள் குட்டி, சோபாவின் பின்னாலிருந்து.

சனிக்கிழமை அவர் கிடங்கிலிருந்து நேராக வந்தார். மஞ்சள் மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொடுத்த வாக்கை அவர் தம் வழியில் காப்பாற்றினார். ரெஃப்ரியை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எல்லைக்கோட்டைக் காவல் காக்கத் தொடங்கினார்.

“உஷ்ஷ்ஷ்!” என்று அவர் போட்ட அதட்டலில் மருந்துக்கடைக்காரர் துள்ளிவிட்டார். அவருடைய மகனும் குட்டியின் அணியில்தான் ஆடினான்.

“அண்ணே, நான் என் வீட்டுக்காரிகிட்ட நேரம் கேட்டேன்.”

“மெதுவாக் கேளுங்க! புள்ளை ஆட்டம் நடத்துதுல்ல!”

எதிர் அணியின் கோல்கீப்பருடைய அம்மா மைதானத்தின் அந்தக் கரையில் நின்றிருந்தாள். “ரெஃப்ரி பாப்பா, கொஞ்சம் கிட்டப் போய்ப் பாரும்மா” என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்கு இந்தக் கரையிலிருந்து பதில் பறந்தது: “அவளுக்கு எல்லாம் தெரியும்! நீங்க உங்க பையனைப் பாருங்கம்மா!” இடைவேளைக்குள், அமைதியின் பெயரால் எழுந்த அவருடைய சத்தமே மைதானத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. ரெஃப்ரி அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அது நடந்தது. எவனோ உதைத்த பந்து துள்ளிக்கொண்டு கோலை நோக்கி ஓட, குட்டி அதன் பின்னால் தலைதெறிக்க ஓடினாள். எதிரே கோல்கீப்பர் பையனும் முன்னால் பாய்ந்து வந்தான். இருவர் கண்ணும் பந்தின் மேலேயே இருந்தது. இருவரும் மோதிக்கொள்ளப் போகிறார்கள் என்று ஹாரனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியில் அவர் இருந்தது மைதானத்தில் அல்ல, கிடங்கில். பின்னால் வரும் லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள். கை கழுத்துக்குப் போனது. விசில் வாய்க்குப் போனது.

மைதானமே நின்றது. கோல்கீப்பர் நின்றான், தடுப்பதற்கு ஓடிவந்தவர்கள் நின்றார்கள், அவள் அணியினரும் நின்றார்கள். அந்த விசிலைக் கேட்டே பழகிப்போன ஒரே ஒருத்தி மட்டும் நிற்கவில்லை. குட்டி ஓடிப்போய், அசையாமல் நின்ற கோல்கீப்பரைத் தாண்டி, பந்தை ஓர் உதை விட்டாள். அது வலைக்குள் உருண்டது. அவள் வாழ்நாளின் முதல் கோல்.

இரு கரைகளும் வெடித்தன.

“விசில் அடிச்சதாலதானே என் பையன் நின்னான்!” என்றாள் கோல்கீப்பரின் அம்மா.

“ரெஃப்ரி அடிக்கலையே! கோல்தான்!” என்றார் மருந்துக்கடைக்காரர், ஆட்டம் முழுக்க அடக்கிவைத்த குரலையெல்லாம் சேர்த்து.

அண்ணன் மகள் தன் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது. குட்டி இரண்டு கைகளையும் தூக்கியபடி அவளிடம் ஓடிவந்தாள். “அக்கா! கோல்தானே, அக்கா?”

அவள் குனிந்து குட்டியின் தோளைத் தொட்டாள். “இல்லடா. வெளியே இருந்து வந்த விசிலைக் கேட்டு எல்லாரும் நின்னுட்டாங்க. இது கணக்குல வராது.”

குட்டியின் கைகள் மெல்ல இறங்கின. அதைப் பார்த்த ஹாரன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அதற்குள் ரெஃப்ரி அவரை நோக்கி நடந்து வந்துவிட்டாள்.

“சார், நீங்க கேட்டுக்கு வெளியே போகணும்.”

பிறந்ததிலிருந்து சித்தப்பா என்பதைத் தவிர வேறு எப்படியும் அவள் அவரை அழைத்ததில்லை.

“ஏம்மா, ரெண்டு பேரும் இடிச்சுக்கப் போனாங்கம்மா! நான் உனக்காகத்தானே ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து…”

“போங்க, சார். நீங்க போனாத்தான் ஆட்டம் நடக்கும்.” குரல் உறுதியாக இருந்தது, விசிலைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நடுங்கின. அந்த நடுக்கத்தை அவர் பார்த்தார். எத்தனையோ பையன்களின் விரல்கள் இப்படி நடுங்கியிருக்கும். அவர் ஒருநாளும் விரல்களைப் பார்த்ததில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டி வெளியே போனார்.

ஆனால் உள்ளே சத்தம் ஓயவில்லை. குட்டியின் அணிப் பெற்றோர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டார்கள். “சொந்தக்காரப் புள்ளைக்குக் கொடுத்துட்டான்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துக்கிட்டுக் கொடுக்க மாட்டேங்குறியா?” என்று ஒருவர். “ரூல் தெரியுமா உனக்கு?” என்று இன்னொருவர். மருந்துக்கடைக்காரர் விரலை நீட்டி நீட்டிப் பேசினார். அத்தனை பெரியவர்களுக்கு நடுவே அவள் சுழன்று சுழன்று, யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். எந்தக் காதால் கேட்பாள்?

கம்பிவேலியைப் பிடித்திருந்த ஹாரனுக்கு அதட்டல் தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும், அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். அதை அவர் நன்றாக அறிவார். ஆனால் அது அவருடைய ஆட்டமாகிவிடும், அவளுடையதாக இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டார். வேலியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கி, வாயைத் திறக்காமல், அப்படியே நின்றார்.

கூட்டத்தில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். அவருடைய மகளும் அதே அணியில் ஆடினாள். கிடங்குக்கு வந்து போகிறவர். தற்செயலாகத் திரும்பியவர், வேலிக்கு அப்பால் மஞ்சள் சட்டையோடு நிற்கும் உருவத்தைப் பார்த்தார். ஒரு கணம் விழித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எஞ்சினை அணைங்கப்பா” என்றார், மருந்துக்கடைக்காரரின் தோளில் கைபோட்டு. “ஹாரனே வாயை மூடிட்டாரு. அதுக்கு மேல நாம என்ன பேசுறது? வாங்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் போவோம்.”

எல்லாரும் வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வாய் மூடிய ஹாரனை அந்த மைதானம் அதற்குமுன் கண்டதில்லை. யாரோ சிரித்தார்; சிரிப்பு பரவியது; நீட்டியிருந்த விரல்கள் மடங்கின. மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்தபடியே பின்வாங்கினார். ரெஃப்ரி, பந்தைக் கோல்கீப்பரின் காலடியில் போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். கைகள் வலித்தபோதும் ஹாரன், ஆட்டம் முடியும்வரை அவற்றை இறக்கவில்லை. கோல் எதுவும் விழாமலே ஆட்டம் முடிந்தது.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். குட்டி அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போனாள். தன் மகளின் முதல் கோலைத் தன் வாயாலேயே ஊதித் தள்ளிய மனிதர், தெருமுனை வரை அவளுக்கு நாலடி பின்னாலேயே நடந்தார். பிறகு, அவரால் முடிந்த மட்டும் தணிந்த குரலில் கேட்டார்.

“விசிலைத் திருப்பிக் கொடுத்துடப் போறியாம்மா?”

“உங்க விசிலைக் கொடுங்க முதல்ல” என்று கையை நீட்டினாள் அண்ணன் மகள்.

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என் விசிலைவிட இது சத்தம் ஜாஸ்தி, சித்தப்பா.”

சித்தப்பா என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு மூச்சு வந்தது. “வேலைக்கு வேணுமேம்மா.”

“இந்தாங்க, வச்சுக்கோங்க. ஆனா சனிக்கிழமை கேட்டுலயே என்கிட்ட கொடுத்துட்டுத்தான் உள்ளே வரணும். ஆட்டம் முடிஞ்சதும் தருவேன்.”

அவர் நடப்பதை நிறுத்தினார். “அப்போ சனிக்கிழமை நீ…”

“வருவேன். சட்டை இன்னும் புதுசாத்தானே இருக்கு.”

முன்னால் போய்க்கொண்டிருந்த குட்டி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “அக்கா, விசிலை மட்டும் வாங்காதே. அந்த வாயையும் சேர்த்து வாங்கி வச்சுக்கோ.”

ஹாரன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அவர் அவசரமாக இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.